கிட்டார் ஸ்ட்ராப் லாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிப்பேன், திருவிழா சீசனில் ஆர்கெஸ்ட்ராவுக்கும் போவேன். தெரிந்தவர்களின் கிட்டாருக்குச் சின்னச் சின்ன ரிப்பேர் செய்து கொடுப்பதும் உண்டு. காட்பாடிப் பக்கம் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள், பாகாயத்து கொயர் தம்பிகள், குடியாத்தம் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் என்று யார் வந்தாலும் ஸ்ட்ராப் லாக் (கிட்டாரைத் தோளில் தொங்கவிடும் வாருக்கான பூட்டு) பற்றி ஒரே மாதிரி சந்தேகங்கள்தான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, பதில்களையும் சேர்த்து வைத்துவிட்டேன்.

ஸ்ட்ராப் லாக்னா இன்னா அண்ணா? கிட்டார்லயே ஸ்ட்ராப் மாட்ட பட்டன் இருக்கே?

இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டனும் ஸ்ட்ராப்பில் உள்ள ஓட்டையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. சட்டைப் பித்தான் மாதிரி, ஓட்டை இறுக்கமாக இருக்கும் வரைதான் நிற்கும். ஸ்ட்ராப் பழசாகி ஓட்டை தளர்ந்ததும், நீங்கள் குனிந்து பெடலை மிதிக்கும்போதோ கிட்டாரைத் தூக்கிப் பிடிக்கும்போதோ தோல் மெதுவாக நகர்ந்து பட்டனின் தலையைத் தாண்டிவிடும். எடை கீழ்நோக்கி இழுக்கிற வரை ஒன்றும் ஆகாது. எடை ஒரு நொடி விலகும்போதுதான் கழன்றுகொள்ளும்.

ஸ்ட்ராப் லாக் என்பது அந்த நொடியிலும் விடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு. பெரும்பாலும் இரண்டு பாகம் இருக்கும். ஒன்று கிட்டாரின் மரத்தில் திருகப்படும் புதுப் பட்டன். இன்னொன்று ஸ்ட்ராப்பின் நுனியில் நிரந்தரமாக மாட்டப்படும் பூட்டு. வேண்டும்போது ஒரு பொத்தானை அமுக்கியோ முள்ளை இழுத்தோ பிரித்துவிடலாம்.

நான் வீட்ல உட்கார்ந்துதான் வாசிக்கிறேன். எனக்கும் தேவையா?

தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு செட் நல்ல கம்பி வாங்குங்கள்.

நின்று வாசிப்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. அதிலும் பேஸ் வாசிப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். சாதாரண அகூஸ்டிக் சுமார் 2 கிலோ இருக்கும். எலெக்ட்ரிக் கிட்டார் 3 முதல் 4 கிலோ. பேஸ் பெரும்பாலும் 4 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ போகும்.

சில வருடங்களுக்கு முன் டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போனோம். ஒரு வீட்டு வாசலில் பாடி முடித்துவிட்டு, கேக் தட்டை வாங்குவதற்காகக் கொஞ்சம் முன்னால் குனிந்தேன். பின்பக்கம் ஸ்ட்ராப் கழன்று பேஸ் நேராக சிமென்ட் தரையில் விழுந்தது. கம்பியை முறுக்கும் ட்யூனர் ஒன்று வளைந்தது, கழுத்து நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட் துண்டின் ஓரம் பெயர்ந்தது. ஹெட்ஸ்டாக் (கிட்டாரின் தலைப்பகுதி) உடையாமல் போனதற்கு இன்றைக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிற வகைக் கிட்டாராக இருந்திருந்தால் கழுத்தோடு விரிசல் விட்டிருக்கும். அன்று கழன்றது ஏழெட்டு வருடம் ஓடிய, நல்லாத்தான் இருக்கிறது என்று நான் நம்பிய ஸ்ட்ராப்.

ரப்பர் வாஷர் போட்டாலே போதும்னு சொல்றாங்களே, நிஜமாவா?

பெரும்பாலானவர்களுக்கு நிஜமாகவே போதும். ஸ்ட்ராப்பைப் பட்டனில் மாட்டிவிட்டு, அதற்கு மேல் ஒரு தடித்த ரப்பர் வளையத்தை இழுத்துச் சொருகினால் ஸ்ட்ராப் வெளியே வர வழியில்லை. வெளிநாட்டில் இதை 'க்ரோல்ஷ் வாஷர்' என்பார்கள். க்ரோல்ஷ் என்ற டச்சு பீர் பாட்டிலின் மூடியில் வரும் சிவப்பு ரப்பர் அது. கம்பியால் அமுக்கி மூடுகிற கண்ணாடித் தண்ணீர் பாட்டில்களில் வருவதும் அதே மாதிரி ரப்பர்தான். ஃபெண்டர் போன்ற கம்பெனிகள் இதையே ஸ்ட்ராப் பிளாக் என்று தனியாக விற்கின்றன.

லாங் பஜார் ஹார்டுவேர் கடைக்குப் போகிறவர்கள் பழைய பட்டன் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். குழாய் வாஷர்களில் பொருந்துவது கிடைக்கலாம். வளையத்தின் ஓட்டை பட்டன் தலையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தி இழுத்தால்தான் ஏற வேண்டும். சும்மா வைத்ததும் ஏறுகிறதென்றால் அது சும்மாவே இறங்கும். நம் ஊர் வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிக்கும், ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

இதில் இரண்டு குறை. ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ராப்பைக் கழற்றி மாட்டுவது எரிச்சல். அப்புறம், பட்டனின் ஸ்க்ரூ ஆடிக்கொண்டிருந்தால் ரப்பர் அதைச் சரி செய்யாது. எந்த லாக்கும் சரி செய்யாது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சரி, நல்லதாவே வாங்கறேன். ஷாலரா, டன்லப்பா?

இரண்டுமே லாக் செய்யும் கம்பெனிகள், அவற்றின் லாக்குகள் பல வருடமாக மேடையில் தாக்குப்பிடித்தவை. வேலை செய்யும் விதம் வேறு.

ஷாலர் ஜெர்மன் கம்பெனி. அவர்களுடைய லாக்கில் ஸ்ட்ராப் பக்கம் இருப்பது குதிரை லாடம் மாதிரி ஒரு துண்டு. அது பட்டனின் இடுப்பைச் சுற்றி உட்காரும். நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு முள், பட்டனின் நடுவில் உள்ள குழிக்குள் இறங்கிப் பூட்டும். கழற்ற வேண்டுமென்றால் மேலே உள்ள குமிழை இழுத்துக்கொண்டே நகர்த்த வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், முள்ளோ ஸ்பிரிங்கோ பழுதானாலும் லாடம் பட்டனைத் தாங்கிக்கொண்டிருக்கும், கிட்டார் உடனே விழாது. பழைய மாடலில் நட்டும் வாஷரும் வைத்து ஸ்ட்ராப்பில் இறுக்குவார்கள், அந்த நட் தளர்வதுதான் அதன் பெயர்போன தொல்லை. இப்போது வரும் எஸ்-லாக் மாடலில் நட்டுக்குப் பதில் ஒரு சக்கரம். கையால் முறுக்கிவிட்டு, பக்கவாட்டில் உள்ள பொடி ஸ்க்ரூவை ஆலன் கீயால் இறுக்கிவிட்டால் அது தானாகச் சுழலாது.

டன்லப் ஸ்ட்ராப்லாக்கில் ஸ்ட்ராப் பக்கம் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் ஓரத்தில் கடுகளவு இரும்புக் குண்டுகள். பொத்தானை அமுக்கினால் குண்டுகள் உள்ளே போகும், தண்டைப் பட்டனுக்குள் சொருகி விட்டதும் குண்டுகள் வெளியே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை மட்டும் நம்பாமல் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பாதி சொருகிய நிலையிலும் பிடித்த மாதிரியே தெரியும், இழுத்தால் கையோடு வந்துவிடும். மாட்டுவதும் கழற்றுவதும் டன்லப்பில் வேகம். ஒரே கச்சேரியில் இரண்டு மூன்று கிட்டார் மாற்றுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கனமான பேஸ் ஒன்றை மட்டும் வாசிப்பவருக்கு ஷாலர். என் பேஸில் இருப்பது ஷாலர்.

டன்லப்பில் மரத்துக்குள் புதைக்கிற மாடலும் உண்டு. அதற்குக் கிட்டாரில் பெரிய ஓட்டை போட வேண்டும். அதை வாங்காதீர்கள். 'டூயல் டிசைன்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், அதன் பட்டனில் அவசரத்துக்குச் சாதாரண ஸ்ட்ராப்பையும் மாட்டலாம்.

அந்த லாடத்தோட வாய் மேல பாக்கணுமா, கீழயா?

மேலே. கிட்டாரைத் தோளில் மாட்டி நிற்கும்போது திறந்த வாய் உங்கள் தோளை நோக்கி இருக்க வேண்டும். கிட்டாரின் எடை பட்டனைக் கீழே இழுக்கும், பட்டன் லாடத்தின் மூடிய அடிப்பகுதியில் உட்காரும். தலைகீழாக மாட்டினால் மொத்த எடையையும் அந்தச் சின்ன முள் மட்டுமே தாங்கும். மேலே சொன்ன பாதுகாப்பு போய்விடும்.

நட்டை இறுக்கும்போது லாடம் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

ஆன்லைன்ல அதே மாதிரி சில நூறு ரூபாய்க்கு வருதே. அது ஆகாதா?

ஆகாது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். நன்றாக உழைத்தவையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே பாக்கெட்டில் வரும் இரண்டு லாக்குகளே ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒன்று இறுக்கமாக இருக்கும், இன்னொன்று ஆடும். வாங்கியதும் கிட்டாரில் போடாதீர்கள். பட்டனையும் லாக்கையும் கையில் வைத்துப் பூட்டி, நாலா பக்கமும் ஆட்டி இழுத்துப் பாருங்கள். முள் முழுசாக வெளியே வருகிறதா, ஸ்பிரிங் உறுதியாகத் தள்ளுகிறதா என்று ஐம்பது தடவையாவது பூட்டித் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கூட வரும் ஸ்க்ரூ மெல்லிய தகரம் மாதிரி இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல ஸ்க்ரூ வாங்குங்கள். கடினமான மரத்தில் பாதி ஏறியதும் தலை முறிந்துபோன ஸ்க்ரூக்களை எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. முக்கியமாக ஒன்று. காப்பி லாக்கை அசல் பட்டனிலும், அசல் லாக்கைக் காப்பிப் பட்டனிலும் மாட்டாதீர்கள். மாட்டிய மாதிரிதான் இருக்கும்.

பழைய ஸ்க்ரூவையே போட்டுக்கலாமா? நல்லாத்தானே இருக்கு?

ஸ்க்ரூவின் தலையைப் பாருங்கள். லாக் பட்டனின் நடுவில் ஒரு குழி இருக்கும், அதற்குள் ஸ்க்ரூ தலை முழுசாக அமிழ வேண்டும். பழைய ஸ்க்ரூவின் தலை பெரியதாக இருந்தால் கொஞ்சம் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அப்போது முள்ளோ தண்டோ முழு ஆழத்துக்கு இறங்காது, பூட்டும் பாதியிலேயே நிற்கும்.

அதற்காகக் கூட வந்த ஸ்க்ரூவையும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியது மெலிதாகவோ குட்டையாகவோ இருந்தால் பழைய ஓட்டையில் பிடிப்பு இருக்காது. அதைத்தான் அடுத்த கேள்வியில் கேட்கிறார்கள்.

புது ஸ்க்ரூ சும்மா சுத்திக்கினே இருக்கு, பிடிக்கவே மாட்டேங்குது. இன்னா பண்றது?

லாக் வாங்கி வருகிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எத்தனை ஆயிரம் கொடுத்து எந்த லாக் வாங்கினாலும், கடைசியில் கிட்டாரின் எடை மரத்தில் ஏறியிருக்கும் ஒரு ஸ்க்ரூவில்தான் தொங்குகிறது. மர ஓட்டை தேய்ந்திருந்தால் பட்டன், லாக், ஸ்ட்ராப் மூன்றும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். தடித்த ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றுவது, துணி நூலைச் சுற்றி இறுக்குவது எல்லாம் ஒரு மாதம் தாங்கும். ஓட்டையை அடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சரி.

வீட்டிலேயே செய்யலாம். மூங்கில் டூத்பிக் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டித் தொழில் நடக்கிற குடியாத்தம் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தீக்குச்சி கைக்கு எளிது, அதையும் மருந்தைக் கிள்ளிவிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் அது மெத்தென்ற மரம், அகூஸ்டிக்குக்குச் சரி, கனமான பேஸுக்கு மூங்கில்தான் நல்லது. ஓட்டையைச் சுத்தம் செய்து, குச்சிகளை மரவேலைக்கான ஃபெவிகாலில் தோய்த்து, ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். கடைசிக் குச்சியைத் தட்டித்தான் இறக்க வேண்டியிருக்கும், அந்த அளவு நிறையட்டும். வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள், வார்னிஷில் காய்ந்தால் தழும்பு மாதிரி நிற்கும். ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். 'இன்னிக்குச் சாயந்திரம் புரோகிராம் அண்ணா' என்று வருகிறவர்களை நான் திருப்பித்தான் அனுப்புகிறேன். காயாத பசையில் ஏறிய ஸ்க்ரூ மறுபடியும் சுற்றும்.

மறுநாள் மீந்து நிற்கும் நுனிகளை பிளேடால் சீவிவிட்டு, நடுவில் சின்ன டிரில் பிட்டால் வழி போடுங்கள். 3.5 மி.மீ. தடிமன் ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. பிட் சரியாக இருக்கும். ஸ்க்ரூவின் மரையில் சோப்பையோ மெழுகுவர்த்தியையோ தேய்த்துவிட்டுக் கையால் ஏற்றுங்கள். மிஷின் வேண்டாம். பட்டனுக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய ஃபெல்ட் துணி வாஷர் வைத்தால் பெயின்ட் பெயராது. பட்டன் ஆடாமல் உட்கார்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஆம்பூர்ல சொல்லி அசல் தோல்ல ஸ்ட்ராப் செஞ்சேன். லாக்கோட நட்டே ஏற மாட்டேங்குது!

இந்தக் கேள்வி நம் பக்கத்தில்தான் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் ஊர்கள். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபிறகு இவற்றில் சில திருப்பத்தூரிலும் ராணிப்பேட்டையிலும் போய்ச் சேர்ந்தாலும், தோல் வேண்டுமென்றால் நாம் போவது அங்கேதான். கடையில் வாங்கும் ஸ்ட்ராப்பைவிட நல்ல தோல் இங்கே கிடைக்கும். சிக்கல் தடிமனில். அழகுக்காக இரண்டு அடுக்காக ஒட்டித் தைத்துவிடுகிறார்கள், லாக்கின் மரை அந்த தடிமனைத் தாண்டி வெளியே வருவதில்லை. டன்லப்பிலும் இதே கதைதான். அதன் தண்டில் ஒரு காடி (பள்ளக் கோடு) இருக்கும், அதில் வளையம் ஒன்றைச் சொருகித்தான் ஸ்ட்ராப்பைப் பிடிக்க வைக்க வேண்டும். தோல் தடித்திருந்தால் காடியே வெளியில் தெரியாது.

நட்டை வலுக்கட்டாயமாக ஏற்றாதீர்கள். இரண்டு மரை பிடித்தால் போதும் என்று விட்டால் நடுப்பாட்டில் கழலும். ஸ்ட்ராப்பைத் திரும்பக் கொண்டுபோய், நுனியில் மட்டும் தோலின் அடிப்பக்கத்தைச் சீவித் தரச் சொல்லுங்கள். ஷூ மேல்தோல் தைப்பவர்களுக்கு இது தினசரி வேலை, ஸ்கைவிங் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். லாக்கையும் கையோடு கொண்டுபோங்கள். நான் போனபோது அங்கே தோல் வேலை செய்த பெரியவர் லாக்கை வாங்கி, விரலால் மரையின் உயரத்தைத் தடவிப் பார்த்தார். தோலை மடித்துக் கத்தியால் இரண்டே இழுப்பு. சீவல் சுருண்டு விழுந்தது. பிறகு லாக்கின் கழுத்துக்குச் சரியான பஞ்ச்சைத் தேடியெடுத்து, மரக்கட்டை மேல் வைத்து ஒரே அடி. ஓட்டையின் விளிம்பு கண்ணாடி வெட்டின மாதிரி இருந்தது. வீட்டில் கத்தரிக்கோல் முனையால் குத்திய ஓட்டை எப்போதும் ஒரு மூலையிலிருந்து கிழியத் தொடங்கும்.

எந்தத் தோல் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மரப்பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் இங்கே ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். ஓட்டை தளராமல் நிற்க இந்த வகைதான் நல்லது. குரோம் உப்பு போட்டுப் பதனிட்டது தோளுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் இழுபடும். தோளில் படும் பகுதி குரோம் தோலிலும் இரண்டு நுனிகள் மரப்பட்டைத் தோலிலும் செய்து வாங்கினால் இரண்டும் கிடைத்துவிடும்.

நைலான் ஸ்ட்ராப் வச்சிருக்கேன். அதுல லாக் லொடலொடன்னு ஆடுது.

மேலே சொன்னதற்கு நேர் எதிர். நுனி மெலிதாக இருப்பதால் இடைவெளி விழுகிறது. இரண்டு பக்கமும் ஒரு தோல் வட்டத்தையோ பிளாஸ்டிக் வாஷரையோ வைத்து நிரப்பி இறுக்குங்கள்.

வாசிக்கும்போது 'கிரீச் கிரீச்'னு சத்தம் வருது. மைக்லயும் கேக்குது.

உலோகமும் உலோகமும் உரசுகிற சத்தம். குச்சி நுனியில் துளி வாஸ்லைன் எடுத்துப் பட்டனின் இடுப்பில் தடவுங்கள், போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியைச் சேர்த்துப் பிசுக்கு பிடித்துவிடும். டன்லப்பின் குண்டுகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, வருடத்துக்கு ஒரு தடவை.

சத்தம் 'கிரீச்' என்று இல்லாமல் 'டக் டக்' என்று வந்தால் எண்ணெய் தேடாதீர்கள். நட்டோ பட்டன் ஸ்க்ரூவோ தளர்ந்திருக்கிறது.

நட்டு எத்தனை வாட்டி இறுக்கினாலும் லூஸ் ஆயிடுதே?

மரையில் நீல நிற லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற முடியாது. அது இல்லையென்றால் வீட்டில் இருக்கும் நெயில் பாலிஷே போதும், இறுக்கியபின் நட்டும் மரையும் சேரும் இடத்தில் ஒரு கோடு இழுங்கள். இதில் ஒரு வசதியும் உண்டு. நட் தளர்ந்தால் அந்தக் கோடு உடைந்திருக்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும்.

மேடை ஏறுமுன் இரண்டு நட்டையும் விரலால் ஒரு திருகு திருகிப் பாருங்கள். ட்யூன் செய்யும்போதே இதையும் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

மூணு கிட்டார் இருக்கு, ஸ்ட்ராப் ஒண்ணுதான். மூணு செட் வாங்கணுமா?

வேண்டாம். ஒரு முழு செட்டும், மற்ற இரண்டுக்குப் பட்டன் மட்டும் தனியாகவும் வாங்கினால் போதும். ஷாலர், டன்லப் இரண்டிலும் பட்டன் தனியாக விற்கிறார்கள். ஆனால் மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். ஷாலர் லாக் டன்லப் பட்டனில் பூட்டாது. உங்கள் ஆர்கெஸ்ட்ராவில் எல்லோரும் ஒரே வகைக்கு மாறிவிட்டால் அவசரத்துக்கு ஒருவர் ஸ்ட்ராப்பை இன்னொருவர் மாட்டிக்கொள்ளலாம்.

அகூஸ்டிக் கிட்டாருக்குப் போடலாமா பிரதர்? கழுத்துப் பக்கம் பட்டனே இல்லையே.

பின்பக்கம் இருப்பதைக் கவனியுங்கள். பல அகூஸ்டிக்கில் அது ஸ்க்ரூ இல்லை, கூம்பாகச் சீவிய ஒரு முளையை ஓட்டையில் அழுத்திச் சொருகியிருப்பார்கள். அதைப் பிடுங்கிவிட்டு லாக் பட்டனைத் திருக முடியாது, ஓட்டை பெரிது. மரக்கட்டையால் அடைத்துத்தான் போட வேண்டும், அது ரிப்பேர்காரர் வேலை. 2 கிலோ கிட்டாருக்கு அவ்வளவு செய்யச் சொல்ல மாட்டேன். இருக்கிற முளையின் மேலேயே கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் லாக்கோ, முன்பு சொன்ன ரப்பர் வாஷரோ போடுங்கள். முளை ஆடினால் மட்டும் அதைச் சரி செய்துகொள்ளுங்கள்.

கழுத்துப் பக்கம் ஹெட்ஸ்டாக்கில் கயிறு கட்டுவது பழைய வழி, கெட்ட வழி அல்ல. அது அவிழாமல் முடிச்சிட்டால் போதும். கழுத்துப் பக்கம் பட்டன் வேண்டுமென்றால் ஹீலில் (கழுத்து உடம்போடு சேரும் அடிப்பகுதி), மெல்லிய கம்பிகள் இருக்கும் பக்கத்தில் போடுவது வழக்கம். ஹீலின் நடுவில் கழுத்தை இணைக்கும் போல்ட் இருக்கலாம், அங்கே டிரில் வைக்காதீர்கள். கை நடுங்குகிறவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

பின்னாடி பட்டனே கேபிள் குத்துற ஓட்டையா இருக்கு. அதுக்கு எந்த லாக்கும் ஏறலையே?

ஏறாது. பிக்கப் (கம்பியின் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி) வைத்த அகூஸ்டிக்கில் கேபிள் குத்தும் ஜாக்கையே பட்டனாகவும் பயன்படுத்துகிறார்கள், அதன் உடம்பு சாதாரணப் பட்டனைவிடத் தடிமன். நீங்கள் ஸ்ட்ராப்பை முக்கி மாட்டும்போது தோல் ஓட்டை பெரிதாகிவிடும், அதே ஸ்ட்ராப்பை வேறு கிட்டாரில் மாட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். ஜாக் வைத்த கிட்டாருக்கென்று ஒரு ஸ்ட்ராப்பைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

டடாரியோ போன்ற கம்பெனிகள் இந்த ஜாக்குக்கென்றே கவ்வுகிற லாக் செய்கின்றன. 'அகூஸ்டிக் ஜாக்குக்குப் பொருந்துமா' என்று கேட்டே வாங்குங்கள். கேபிளை எப்போதும் ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்று விட்டுவிட்டுக் குத்துங்கள். யாராவது ஒயரை மிதித்தாலும் ஜாக்கில் இழுப்பு விழாது.

லாக் போட்டும் பேஸோட தலை கீழ சாயுதே?

அது லாக்கின் வேலை இல்லை. உடம்பு லேசாகவும் கழுத்து நீளமாகவும் இருந்தால் தலைப்பக்கம் தாழும். எஸ்ஜி (கிப்சனின் இரட்டைக் கொம்பு மாடல்) வடிவக் கிட்டாரில் முன்பட்டன் ஹீலின் பின்னால் இருப்பதால் இது இன்னும் அதிகம். அகலமான, அடிப்பக்கம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் போடுங்கள், சட்டையில் வழுக்காது. முன்பட்டனை மேல் கொம்பு நுனிக்கு மாற்ற வாய்ப்புள்ள வடிவமாக இருந்தால் அதுவும் உதவும்.

பட்டனை மாத்திட்டா அப்புறம் விக்கும்போது விலை குறையுமா?

பழைய பட்டன், ஸ்க்ரூ, வாஷர் எல்லாவற்றையும் ஒரு சின்ன கவரில் போட்டுக் கிட்டார் பையிலேயே வையுங்கள். விற்கும்போது திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம். டிரில் போட்டுப் பெரிதாக்கிய ஓட்டைதான் விலையைக் குறைக்கும்.

காசு போட்டு லாக்கே வாங்கணுமா? வேற வழி இல்லையா?

இருக்கிறது. ராக் கிட்டார் கலைஞர் எடி வேன் ஹேலன், சிவப்பில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தன் புகழ்பெற்ற கிட்டாரில் பட்டனுக்குப் பதில் வளையம் வைத்த கொக்கித் திருகை ஏற்றி, ஸ்ட்ராப்பில் கொக்கி கிளிப் போட்டு மாட்டினார். மேடை முழுக்கக் குதித்த மனிதருக்கு அது போதுமாக இருந்தது. டிமார்சியோ கம்பெனியின் கிளிப்லாக் ஸ்ட்ராப்பும் நல்ல யோசனை. நுனிகளைக் கிட்டாரோடு திருகிவிட்டு, நடுவில் ஸ்கூல் பை பக்கிள் மாதிரி ஒன்றைக் கழற்றி மாட்டுவது. அதை எளிமையாக்கி, ஸ்ட்ராப் நுனியின் மேல் ஒரு பெரிய வாஷர் வைத்துப் பட்டனோடு திருகிவிடுகிற ஆர்கெஸ்ட்ராக்காரர்களும் உண்டு. பாதுகாப்பானதுதான், ஆனால் பெட்டியில் வைக்கும்போது ஸ்ட்ராப்பைக் கழற்ற முடியாது.

மே மாசத்து கச்சேரியில வியர்வை கொட்டுது. லாக் துருப்பிடிக்காதா?

பிடிக்கும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் ராத்திரி மேடையில் நின்றால் சட்டை முழுக்க நனைந்துவிடும், அந்த உப்பெல்லாம் ஸ்ட்ராப் வழியாகப் பின்பட்டனுக்குத்தான் இறங்கும். முலாம் மெல்லியதாக இருக்கிற காப்பி லாக்குகள் ஒரே சீசனில் பச்சை படிந்து இறுகும். வீட்டுக்கு வந்ததும் ஸ்ட்ராப்பைக் கழற்றி, லாக்கை உலர்ந்த துணியால் துடைத்து, ஸ்ட்ராப்பைத் தனியாகத் தொங்கவிடுங்கள். ஈரத்தோலைக் கிட்டாரோடு பையில் சுருட்டி வைத்தால் தோலும் கெடும், லாக் உரசிக் கிட்டாரும் கோடு விழும்.

கச்சேரி அன்னிக்கே லாக் உடைஞ்சிடுச்சு. அரை மணி நேரம்தான் இருக்கு அண்ணா!

ஷாலரோ டன்லப் டூயல் டிசைனோ என்றால் உடைந்த பாகத்தை ஸ்ட்ராப்பிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்ட்ராப்பை அதே பட்டனில் சாதாரணமாக மாட்டுங்கள். லாக்குக்காகப் பெரிதாக்கிய ஓட்டை என்பதால் தானாக நிற்காது, மேலே கட்டாயம் ரப்பர் வளையம் வேண்டும். வளையம் இல்லையென்றால் ஷூ லேஸை எடுத்துப் பட்டனின் இடுப்பில், ஸ்ட்ராப்புக்கு வெளிப்பக்கமாக ஏழெட்டு சுற்று இறுக்கிச் சுற்றி முடிச்சிடுங்கள். முடிச்சின் மேல் எலெக்ட்ரிகல் டேப் ஒரு சுற்று. அன்றைக்கு மட்டும் நின்ற இடத்திலேயே வாசியுங்கள்.

என் கிட்டார் பையின் முன் ஜிப்பில் எப்போதும் இரண்டு ரப்பர் வளையம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், லாக்குக்கான ஆலன் கீ, ஒரு டேப் இருக்கும். பக்கத்து மேடைக்காரர் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம்.